கோப்பின் நேரமும் கோப்பின் மெய்ம்மையும்

முந்தியது எது, பிந்தியது எது என்று அறிந்துகொண்டால், ஏற்கத்தக்கது எது என்பதும் தானே விளங்கிவிடும் என்று நம்மிற் பலர் எண்ணுகின்றோம். ஒருவர் எழுதிய கடிதங்கள் இரண்டு தம்முள் முரண்பட்டால், நாளைப் பார்த்துப் பிந்தியதனைக் கொள்கின்றோம். உயில்கள் இரண்டு கிடைப்பின், இறுதியில் எழுதப்பட்டதே செல்லும் என்கின்றோம். இவ்வழக்கம் பெரும்பாலும் தீங்கு பயப்பதன்று. ஆயின், நாளைக் குறித்த கைகள் இரண்டாயிருந்து, அக்கைகள் பார்த்த கடிகாரங்களும் இரண்டாயிருந்து, அவ்விரண்டும் தம்முள் ஒவ்வாதனவாயும் இருப்பின், அந்நாட்குறிப்பைக் கொண்டு எதனைத் துணிவது? கணினியில் நிரல்களையும் நூற்பக்கங்களையும் ஆக்கித்தரும் கருவிகள் அன்றாடம் எதிர்ப்படும் வினா இஃதேயாம். தமிழ் பயிலும் மாணவன் ஒருவன் இவ்விஷயத்தைப் பற்றி எழுதப் புகுந்தது அன்பர்கட்கு வியப்பாயிருக்கலாம். ஆதலின், எழுதத் தூண்டிய நிகழ்ச்சியை முதற்கண் கூறிவிடுகின்றேன்.

மாணவர் சங்கம் ஒன்றன் சார்பில் சென்ற ஆண்டு யாங்கள் சிறு மலர் ஒன்று வெளியிட்டோம். அதில் ஒரு பக்கம், நூல்நிலையத்தில் ஏவலராயிருந்து காலஞ்சென்ற முதியவர் ஒருவரின் நினைவுக்கென ஒதுக்கப்பட்டது. அவர் 41 ஆண்டுகள் அங்கே பணியாற்றியவர். அப்பக்கத்தை எழுதும் பொறுப்பு என்பாலது. எழுதுங்கால் யான் தவறுதலாக 31 என்று எழுதிவிட்டேன்.

மலரின் பக்கங்களை அமைக்கும் முறையை அறிவியற் பிரிவு நண்பர் ஒருவர் வகுத்துத் தந்திருந்தார். ஒவ்வொரு கட்டுரையும் ஒரு மூலக்கோப்பு; அதினின்றும் அச்சுக்குரிய பக்கக்கோப்பு ஒன்று ஆக்கப்படும். எந்த மூலம் மாறியுளதோ அதற்குரிய பக்கத்தை மாத்திரம் மீண்டும் ஆக்குவது ‘மேக்’ என்னும் கருவியின் வேலை. அச்சுக்கு அனுப்பும் நாளன்று காலை 11 மணிக்குப் பக்கங்கள் யாவும் ஆக்கி முடிந்தன. நண்பகலில் நூல்நிலையத்தார் ஒருவர் பிழையைச் சுட்டிக்காட்டினார். உடனே கோப்பைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு விடுதிக்கு ஓடி, தோழர் ஒருவரது கணினியில் 31 என்பதனை 41 என்று திருத்தினேன். அப்பொழுது பிற்பகல் 3 மணி. ஆயின், அக்கணினி இந்திய நேரத்துக்கு அமைக்கப்படாமல் கிரீனிச்சு நேரத்திலேயே கிடந்தது. அதன் கணக்கில் அப்பொழுது காலை 9.30 மணி. பென் டிரைவில் பதிந்த நேரமும் அதுவே.

திரும்பி வந்து கோப்பைப் படியெடுத்தேன். படியெடுத்தபோது கோப்போடு அதன் நேரக்குறியும் மாறாமல் வந்து சேர்ந்தது. கருவியை ஏவினேன். மூலத்தின் நேரம் 9.30, பக்கத்தின் நேரம் 11.00. மூலம் பழையது, பக்கம் புதியது என்று கொண்ட கருவி, செய்யவேண்டுவது ஒன்றுமில்லை என்று விடை பகர்ந்தது. பணி முடிந்தது என்று அவ்விடைக்கு யான் பொருள் கொண்டேன். மலரை அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன்.

வெளியீட்டு நாளில் அம்முதியவரின் மனைவியார் வந்திருந்தார். மலரை வாங்கிப் பிரித்து, அவ்வெண்ணின்மேல் விரலை வைத்து, “பத்து வருஷம் எங்கே போச்சு, தம்பி?” என்று மாத்திரம் கேட்டார். யான் விடையின்றி நின்றேன். பின்னர் எங்கள் ஆசிரியரிடம் நடந்தவற்றையெல்லாம் கூறியபொழுது, “இயந்திரத்தைக் குறை கூறுவது கிடக்கட்டும், அச்சுக்குப் போன பக்கத்தை நீ படித்துப் பார்த்தாயா?” என்றார். படிக்கவில்லை. ஆதலின் முதற் குற்றம் என்னுடையதே. அதனை மறைத்தற்கு இக்கட்டுரை எழுந்ததன்று. எனினும், என் குற்றம் ஒருபுறம் இருக்க, அக்கருவி தன்னுள் கேட்டுக்கொண்ட வினாவே பிழையான வினா என்பது, நண்பரோடு பல நாள் ஆராய்ந்த பின் எனக்குத் தெளிவாயிற்று. அதனை எடுத்துரைப்பதே ஈண்டு என் கருத்து.

கருவியின் பிறப்பை முதலில் அறிதல் நலம். அமெரிக்க நாட்டிலுள்ள பெல் ஆராய்ச்சிக் கூடத்தில் 1976ஆம் ஆண்டில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் என்பவர் மேக்கை இயற்றினார். அவருடைய சக ஊழியரான ஸ்டீவ் ஜான்சன் ஒருநாட் காலை முழுவதும் ஒரு நிரலிற் பிழை தேடி அலுத்துப்போனார். உண்மையிற் பிழை முன்னமே திருத்தப்பட்டிருந்தது. திருத்திய மூலத்தினின்றும் நிரலை மீண்டும் ஆக்கிக்கொள்ளவே மறந்துபோயினர். அத்துன்பம் இனி ஒருவர்க்கும் நேராதிருக்க எழுந்ததே மேக். மூலம் ஆக்கத்தினும் பிந்திய நேரம் உடையதாயின் ஆக்கத்தை மீண்டும் செய்க. அன்றேல் விடுக என்பதே அதன் விதி. ஒரு சிற்றூர்ச் சிறுவனும் புரிந்துகொள்ளத்தக்க இவ்விதி உலகெங்கும் பரவியது. 2003ஆம் ஆண்டில் அமெரிக்கக் கணினியறிஞர் சங்கமாகிய ஏ.சி.எம். தன் மென்பொருட் பரிசை ஃபெல்ட்மனுக்கு வழங்கிப் பாராட்டியது. திருத்தம் செய்தும் ஆக்கத்திற் சேராத பிழையை ஒழிக்கப் பிறந்த கருவியே, எனக்கு அதே பிழையைச் செய்து தந்தது என்பதனை நினைக்குந்தோறும் வியப்புண்டாகின்றது.

இவ்விதி பொய்க்காதிருக்க வேண்டுமாயின் மூன்று நிபந்தனைகள் வேண்டும். நேரத்தைக் குறிக்கும் கடிகாரம் ஒன்றாயிருத்தல் வேண்டும். நேரத்தை எழுதிவைக்கும் அளவை ஒன்றாயிருத்தல் வேண்டும். உள்ளடக்கம் மாறினால் நேரம் முன்னோக்கியே மாறுதல் வேண்டும். ஒரே கணினி, ஒரே தட்டு, ஒரே கோப்புமுறை என்றிருந்த காலத்தில் இம்மூன்றும் ஏறக்குறைய இயல்பாகவே அமைந்திருந்தன. கோப்புகள் ஓரிடம் விட்டு ஓரிடம் பெயரத் தொடங்கிய பின்னர் மூன்றும் குலைந்தன. இவற்றை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

அளவையை முதலில் எடுத்துக்கொள்வோம். கோப்புமுறை என்பது தட்டிற் கோப்புகளை ஒழுங்குற வைக்கும் ஏற்பாடு. ஒவ்வோர் ஏற்பாடும் நேரத்தை ஒவ்வொரு வகையாக எழுதுகின்றது. பென் டிரைவுகளில் இன்றளவும் வழங்கும் ‘ஃபேட்’ என்னும் முறை, திருத்திய நேரத்தை 16 பிட்டுகளுக்குள் அடக்குகின்றது. மணிக்கு 5, நிமிடத்துக்கு 6 போக, வினாடிக்கு எஞ்சுவன 5 பிட்டுகளே. ஐந்து பிட்டுகளால் 32 எண்களுக்கு மேற் குறித்தல் இயலாது; வினாடிகளோ 60. ஆதலின் அம்முறை வினாடிகளை இரண்டிரண்டாக எண்ணுகின்றது. ஒற்றைப்பட்ட வினாடி என்பது அதன் உலகில் இல்லை. ஆண்டுக்கு அளித்துள்ள 7 பிட்டுகளோ 1980 முதல் 2107 வரை மாத்திரமே செல்லும்.

விண்டோஸின் ‘என்.டி.எஃப்.எஸ்.’ முறையோ 1601ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளைத் தொடக்கமாகக் கொண்டு, வினாடியைக் கோடி கூறாக்கி எண்ணுகின்றது. யூனிக்ஸ் வழி வந்தன 1970ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளினின்றும் எண்ணும். அவற்றுள்ளும், லினக்ஸின் ‘எக்ஸ்ட்-3’ முழு வினாடிக்குக் கீழ் அறியாது. அதன் பின்வந்த ‘எக்ஸ்ட்-4’ வினாடியை நூறு கோடிக் கூறாக்கி எழுதவல்லது. ஆப்பிள் கணினிகளில் வழங்கிய ‘எச்.எஃப்.எஸ். பிளஸ்’ 1904ஆம் ஆண்டினின்றும் முழு வினாடிகளாக எண்ணிற்று. 2017ஆம் ஆண்டில் அதன் இடத்துக்கு வந்த ‘ஏ.பி.எஃப்.எஸ்.’ நூறு கோடிக் கூறு வரை செல்லும். இனி, எழுதும் இடம் நுண்ணிதாயிருப்பதனால் மாத்திரம் எழுதப்படும் நேரமும் நுண்ணிதாகிவிடாது. எக்ஸ்ட்-4 அத்துணை நுட்பமாக எழுத இடம் தந்தும், சில மில்லிவினாடிகளுக்கு ஒருமுறையே நகரும் கடிகாரத்தைப் பார்த்தே லினக்ஸ் நெடுங்காலம் அவ்விடத்தை நிரப்பி வந்தது.

தொடக்க ஆண்டுகள் வேறுபடுதல் பற்றிக் கவலையில்லை. கொல்லம் ஆண்டையும் சக ஆண்டையும் கூட்டியுங் கழித்தும் ஒன்றாக்குவது போல அவற்றையும் கணக்கால் ஒன்றாக்கிவிடலாம். இழந்த நுட்பத்தையோ எக்கணக்காலும் மீட்டல் இயலாது. ஓர் உதாரணம் காண்போம். எக்ஸ்ட்-4 தட்டில் 10 மணி 0 நிமிடம் 7.6 வினாடி என்று குறித்த ஒரு கோப்பை ஃபேட் தட்டிற் படியெடுக்கின்றோம் என்க. படியெடுக்கும் நிரல் நேரத்தைக் கீழே இறக்கி 6 வினாடி என்று குறிக்குமாயின், எழுத்தெழுத்தாக ஒத்த அப்படி, மூலத்தினும் பழையதாகத் தோன்றும். புதியதை மாத்திரம் படியெடு என்று ஏவப்பட்ட கருவி, எத்தனை முறை ஏவினும் அக்கோப்பை மீளமீளப் படியெடுத்துக்கொண்டேயிருக்கும். மேலே ஏற்றி 8 வினாடி என்று குறிக்குமாயின் இன்னும் தீது: 7.9 வினாடியில் மூலத்திற் செய்த திருத்தம் படியினும் முந்தியதாகிவிடும். கருவி அதனைக் காணாது கடந்துபோகும். முன்னது வீண் உழைப்பு. பின்னது பொய்ப் பயன்.

மனிதர் இரண்டு வினாடிக்குள் கோப்பைத் திருத்தி ஆக்கவும் செய்வரோ என்று கேட்கலாம். மனிதர் செய்யார், இயந்திரங்கள் செய்யும். ஒரு நிரல் மூலக்கோப்பை எழுத, மற்றொன்று அதனை உடனே ஆக்க, மூன்றாவது அதனை மீண்டும் மாற்ற, இவையெல்லாம் ஒரு வினாடிக்குள் நடந்தேறுவது இன்று இயல்பு. நேரங்கள் இரண்டும் சமமாய் நின்றால், மூலம் பிந்தியதன்று என்று கொண்டு மேக் வாளாவிருந்துவிடும்.

இக்குறையைக் கருவி இயற்றுவோர் அறியாரல்லர். ஜாவா மொழியாளர் கையாளும் ‘ஆன்ட்’ என்னும் கருவி, படியெடுக்குங்கால் சிறிது நேரத்தைத் தள்ளுபடியாகக் கொள்ளும். இயல்பாக ஒரு வினாடி, டாஸ் வழிக் கணினிகளில் இரண்டு வினாடி. ‘ஆர்சிங்க்’ என்னும் படியெடுப்பு நிரலிலும் இத்தகைய இடைவெளியைக் குறிக்க வழியுண்டு. விண்டோஸின் ‘ரோபோகாப்பி’யிலும் ஃபேட்டின் இரண்டு வினாடிக்கு இடங்கொடுக்கும் கட்டளை உளது. இவையெல்லாம் நோயைத் தணிப்பனவே, தீர்ப்பன அல்ல. இரண்டு வினாடி வேறுபாட்டைப் பொருட்படுத்தாதே என்று சொல்லுமிடத்து, அவ்விரண்டு வினாடிக்குள் நிகழ்ந்த மெய்யான மாற்றத்தையும் பொருட்படுத்தாதே என்று சொல்லியவராகின்றோம்.

இனிக் கடிகாரத்தை நோக்குவோம். 1984ஆம் ஆண்டில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் கம்பெனியார் ‘என்.எஃப்.எஸ்.’ என்னும் வலைவழிக் கோப்புமுறையை வெளியிட்டனர். அதன்வழி ஓரிடத்துத் தட்டைப் பலர் தத்தம் கணினியினின்றும் தம்முடையதே போலக் கையாளலாயினர். அங்கே கோப்பில் எழுதுங்கால் நேரத்தை இடுவது பெரும்பாலும் தட்டை உடைய கணினி. கருவி ஓடுவதோ வேறு கணினி. இரண்டன் கடிகாரங்களும் ஒரு நிமிடம் வேறுபட்டால், இப்பொழுது எழுதிய கோப்பு இனிவரும் காலத்தில் எழுதப்பட்டதாகத் தோன்றும். அதனைக் காணின், கடிகாரங்கள் ஒவ்வா. ஆக்கம் குறைபட்டிருக்கலாம் என்று க்னு மேக் எச்சரிக்கும். எச்சரிக்கை நன்றே. ஆயின் எதிர்காலத்தில் விழுந்த நேரத்தை மாத்திரமே அது காணவல்லது. இறந்தகாலத்தில் விழுந்த பொய்ந்நேரம் ஒருவர்க்கும் ஐயம் விளைப்பதில்லை. என் 9.30 மணி அத்தகையதே.

என் கதையில் நிகழ்ந்தது இதற்கு நெருங்கிய உறவினதாகிய மற்றொரு தீங்கு. ஃபேட் முறை தான் குறிக்கும் நேரம் எவ்வூர் நேரம் என்பதனைக் குறிப்பதில்லை. எழுதும் கணினி தன்னூர் நேரத்தை எழுதுகின்றது. படிக்கும் கணினி அதனைத் தன்னூர் நேரமாகவே கொள்கின்றது. கிரீனிச்சு நேரத்தில் எழுதியதை இந்திய நேரமாகப் படித்தால் ஐந்தரை மணி பின்தங்கும். கோடைகாலத்திற் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளி வைக்கும் ஐரோப்பா, அமெரிக்கா முதலிய இடங்களில், என்.டி.எஃப்.எஸ். தட்டிலும் ஃபேட் தட்டிலும் கிடக்கும் ஒரே கோப்பு, ஆண்டுக்கு இருமுறை திடீரென ஒரு மணி வேறுபட்டு நிற்கும். ரோபோகாப்பி நிரலிற் கோடைநேரத்தின் ஒரு மணி வேறுபாட்டைப் பொறுத்துக்கொள்ளென ஒரு கட்டளையே தனியாக உளதெனின், இடர் எத்துணைப் பரவியது என்பது விளங்கும்.

கடிகாரங்களையெல்லாம் ஒழுங்குபடுத்திவிட்டால் இடர் தீருமன்றோ எனச் சிலர் கூறுவர். வலைவழி நேரம் திருத்தும் ஏற்பாடுகள் 1985ஆம் ஆண்டு முதலே உள, அவை நன்மை பல செய்தன, இன்றும் செய்கின்றன. ஆனால் அவை ஃபேட்டின் இரண்டு வினாடியை ஒன்றாக்கா. எழுதாத ஊர்ப்பெயரை எழுதா. மேலும், வெவ்வேறு கணினிகளில் நிகழ்வனவற்றை முன் பின் என வரிசைப்படுத்தற்குக் கடிகாரம் போதிய சான்றன்று என்பதனை லெஸ்லி லாம்போர்ட் என்னும் அறிஞர் 1978ஆம் ஆண்டிலேயே ஆராய்ந்து எழுதினார். ஒன்றினின்றும் மற்றொன்றுக்குச் செய்தி சென்றிருந்தாலன்றி முந்தியது பிந்தியது என்னும் பேச்சே உறுதியற்றது என்பது அவர் ஆராய்ச்சியின் சாரம்.

மூன்றாம் நிபந்தனையே யாவற்றினும் வலியற்றது. உள்ளடக்கம் மாறுங்கால் நேரம் முன்னோக்கி மாறும் என்பதற்கு உறுதி யாது? பழைய பிரதியைக் கட்டிவைத்த தொகுப்பினின்றும் அவிழ்த்து எடுத்தால், ‘டார்’ முதலிய நிரல்கள் பழைய நேரத்தையே மீட்டுத் தரும். நேற்றைய மூலத்தை இன்று மீட்டு வைத்தால் உள்ளடக்கம் மாறிவிட்டது. நேரமோ பின்னோக்கிச் சென்றது. மேக்கின் கண்ணுக்கு ஒன்றும் நிகழவில்லை. இதனை முன்னரே கருதித்தான் போலும், 2005ஆம் ஆண்டில் லைனஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய ‘கிட்’ என்னும் பதிப்பு காக்கும் நிரல், பழைய பதிப்பை எடுத்துத் தருங்கால் பழைய நேரத்தைத் தருவதில்லை. எடுத்துத் தரும் வேளையின் நேரத்தையே இடுகின்றது. அதனால் ஆக்கம் தவறாமல் நிகழும். ஆயின் ஒரு பதிப்புக்குச் சென்று உடனே மீண்டால், ஓரெழுத்தும் மாறாத கோப்புகளும் புதியனவாகத் தோன்றி வீணே மீண்டும் ஆக்கப்படும்.

இவ்விடத்தில் யாங்கள் வகுப்பிற் கற்கும் பாடமொன்று நினைவுக்கு வருகின்றது. பழந்தமிழ் நூல்களின் ஓலைச்சுவடிகள் பலவற்றில், படியெடுத்தவர் தம் பெயரும் எழுதி முடித்த நாளும் குறித்திருப்பர். சிலர் கொல்லம் ஆண்டு இடுவர். சிலர் பிரபவ முதலிய அறுபதாண்டுச் சுழற்சியின் பெயர் மாத்திரம் இட்டு, எந்தச் சுழற்சி என்பது கூறாது விடுவர். அந்நாள் ஏடு எழுதிய நாள். நூல் எழுந்த நாளன்று. பிந்திய ஏடு ஒன்று மிகப் பழைய நல்லேட்டைப் பார்த்துப் பெயர்த்ததாயிருக்கலாம். முந்திய ஏடு பிழை மலிந்ததாயிருக்கலாம். ஆதலின், 1887ஆம் ஆண்டில் சீவகசிந்தாமணியை அச்சிட்ட உ. வே. சாமிநாதையரவர்கள், ஏடுகளின் நாளைப் பார்த்து ஒன்றைத் தெரிந்தெடுத்து அமைந்தாரல்லர். பல ஏடுகளை வைத்துப் பாடத்தைப் பாடத்தோடு ஒப்பிட்டே துணிந்தனர். ஏட்டின் நாள் ஒரு துணைச்சான்று, பாடமே தலைமைச்சான்று. கணினிக் கோப்புக்கும் இந்நெறியே பொருந்தும் என்பது என் துணிபு.

அங்ஙனமாயின் செய்யத்தக்கது யாது? மூலம் புதிதா என்று கேட்பதனை விடுத்து, மூலம் மாறிற்றா என்று கேட்டல் வேண்டும். இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினும் ஒன்றல்ல. புதிதா என்னும் வினாவுக்கு இரண்டு கோப்புகளின் நேரங்களை முன் பின் என வரிசைப்படுத்தவேண்டும். மாறிற்றா என்னும் வினாவுக்கோ, அதே கோப்பு சென்ற முறை எவ்வாறிருந்தது என்று தான் எழுதிவைத்துள்ள குறிப்போடு ஒப்பிட்டால் போதும். உள்ளடக்கம் முழுவதையும் கணித்துக் கைரேகைபோன்ற ஒரு சிற்றெண்ணாகச் சுருக்கும் முறைகள் உள. ஓரெழுத்து மாறினும் அவ்வெண் மாறும். எந்தத் தட்டுக்குப் போனாலும் எழுத்து மாறாதவரை எண்ணும் மாறாது. ‘எஸ்கான்ஸ்’ என்னும் ஆக்கக்கருவி இயல்பாகவே இச்சுருக்கெண்ணைக் கொண்டு துணிகின்றது. கூகிள் கம்பெனியார் 2015ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘பேஸல்’ என்பதும் உள்ளடக்கத்தையே தலைமையாகக் கொள்கின்றது. ‘நிக்ஸ்’ என்னும் ஏற்பாடோ இன்னும் ஒருபடி மேற்சென்று, தன் களஞ்சியத்திலுள்ள எல்லாக் கோப்புகளுக்கும் 1970ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளின் முதல் வினாடியையே நேரமாக இட்டு, நேரத்தின் வாயையே அடைத்துவிடுகின்றது. இவற்றுள் ஏதேனும் ஒன்றன்வழி எங்கள் மலர் ஆக்கப்பட்டிருப்பின், 31 என்பது 41 ஆகியவுடனே சுருக்கெண் மாறியிருக்கும், நேரம் 9.30 ஆயினும் ஆகுக, பக்கம் மீண்டும் ஆக்கப்பட்டிருக்கும்.

இதற்கு ஒரு தடை உளது. அதனைப் புறக்கணித்தல் நேர்மையன்று. நேரத்தைப் பார்ப்பதற்குக் கோப்பைத் திறக்கவேண்டுவதில்லை. சுருக்கெண் காண்பதற்குக் கோப்பை முழுதும் படிக்கவேண்டும். பல்லாயிரம் கோப்புகள் உடைய பெருநிரல்களில் ஒவ்வொரு முறையும் யாவற்றையும் படிப்பது காலத்தை விழுங்கும். 1976ஆம் ஆண்டின் கணினிகளில் அது கனவிலும் கருதத்தக்கதன்று. ஆதலின் ஃபெல்ட்மன் நேரத்தைத் தெரிந்தெடுத்தது குற்றமன்று. அக்காலத்துக்கு அதுவே அறிவுடைமை. ‘நிஞ்சா’ போன்ற பிற்காலத்துக் கருவிகள் சிலவும் விரைவு கருதியே நேரத்தைப் போற்றுகின்றன.

ஆயினும் விரைவுக்கும் மெய்ம்மைக்கும் இடையே வழியில்லாமற் போகவில்லை. கிட் நிரல் அவ்வழியைக் காட்டுகின்றது. அது ஒவ்வொரு கோப்பின் நேரத்தையும் அளவையும் முன்னர்க் கண்டவாறு குறித்துவைக்கின்றது. அவை இம்மியும் மாறாதிருப்பின் கோப்பைத் திறவாமல் விடுகின்றது; முன்னோக்கியோ பின்னோக்கியோ மாறியிருப்பின் கோப்பைத் திறந்து உள்ளடக்கத்தைப் பார்க்கின்றது. இன்னும் ஒரு நுட்பம்: கோப்பின் நேரம், கிட் தன் குறிப்பேட்டை எழுதிய நேரத்தோடு சமமாகவோ பிந்தியோ நிற்குமாயின், அந்நொடிக்குள்ளேயே மறைவாக மாறியிருக்கலாம் என்று ஐயுற்று, நேரத்தை நம்பாது கோப்பையே பார்த்துத் துணிகின்றது. நேரம் ஐயத்தை எழுப்பும் சாட்சி. உள்ளடக்கம் தீர்ப்பளிக்கும் நீதிபதி. சாட்சியை நீதிபதியின் ஆசனத்தில் அமர்த்தியதே மேக்கின் விதியிற் கண்ட குறை.

மேக் ஒருநாளில் மறைந்துபோவதன்று, எங்கும் வேரூன்றியுள்ளது. ஆதலின் அதனைக் கையாளும் மாணவத் தோழர்க்குச் சில சொற்கள். மூலத்தையும் ஆக்கத்தையும் ஒரே தட்டில், ஒரே கோப்புமுறையில் வைத்துக்கொள்க. பென் டிரைவினின்று கோப்பைக் கொணர்ந்தால், பழைய நேரத்தோடு வாராமல் வந்த வேளையின் நேரத்தை இட்டுக்கொள்க. அதற்கெனவே ‘டச்’ என்னும் சிறு நிரல் உளது. கணினி எவ்வூர் நேரத்தில் உளது என்று பார்த்துக்கொள்க. எல்லாவற்றினும் மேலாக, அச்சுக்கோ வெளியீட்டுக்கோ போகும் இறுதி ஆக்கத்தைப் பழையதன்மேற் செய்யாது, ஆக்கியவற்றையெல்லாம் நீக்கிவிட்டு முதலினின்றும் செய்க. சில நிமிடங்கள் செலவாகும், அவ்வளவே. ஆக்கிய பக்கத்தைக் கண்ணாற் படித்தும் பார்க்க. இக்கடைசிச் சொல் எங்கள் ஆசிரியருடையது.

கருவி இயற்றுவோர்க்கும் ஒரு விண்ணப்பம். ‘செய்யவேண்டுவது ஒன்றுமில்லை’ என்று உங்கள் கருவி கூறுங்கால், கேட்போர் அதனை ‘உன் திருத்தம் சேர்ந்துவிட்டது’ என்றே பொருள் கொள்கின்றனர். மெய்யாக அது கூறுவதோ, ‘இவ்வெண் அவ்வெண்ணினும் சிறியது’ என்பது மாத்திரமே. இவ்விரண்டிற்கும் உள்ள தூரத்தை அறியாத எளியோரே கருவிகளை மிகுதியும் கையாளுகின்றனர். இரண்டு கோப்புமுறைகளின் நேரங்களை முன் பின் என ஒப்பிட்டு உறுதிமொழி கூறுவதனை விடுங்கள்; மாறிற்றா என்று பார்த்துக் கூறுங்கள்.

எங்கள் மலரில், மிச்சமிருந்த பிரதிகளிலெல்லாம் 41 என்று அச்சிட்ட சிறு துண்டை யானும் நண்பரும் இருந்து ஒட்டினோம். ஒட்டிய பிரதியொன்றை எடுத்துக்கொண்டு அம்மூதாட்டியாரின் இல்லம் சென்றேன். அவர் மூக்குக்கண்ணாடியை அணிந்து, துண்டின் ஓரத்தை விரலால் அழுத்திப் பார்த்து, “இப்போ சரி” என்றார். அவர் புத்தகத்தின் நாளைப் பார்க்கவில்லை. உள்ளே என்ன எழுதியிருக்கின்றது என்பதனையே பார்த்தார்.